எக்ஸ் ஏன் மாறுது?

என்ர பிள்ளைக்கு,

போனில் கதைச்சால் ரெண்டு பேரும் அழுதிடுவம், அதுதான் எழுதுறன். பள்ளிக்கூடத்தில் கணக்கு விட்டுப்போன பிள்ளையளுக்கெண்டு கம்பஸில் புதுசாத் தொடங்கின அட்சரகணித வகுப்பில் உன்னையும் போட்டிட்டினம், வெட்கமாக் கிடக்கு, விட்டிட்டு வரப்போறன் எண்டாய்.

அது என்ன வகுப்பெண்டு எனக்கு அறிய ஆசை. நான் சமைக்கிற வெள்ளவத்தை லொட்ஜில் சாப்பிடுற ரியூசன் மாஸ்டரிட்டைக் கேட்டன்.

"அக்கா, புட்டோட எக்ஸையும் அவிக்கப் போறியளோ?" எண்டு சிரிச்சார். பிறகு பில் துண்டில் ரெண்டு கணக்கு செய்து காட்டினார். தெரியாததுக்குத்தான் எக்ஸ் எண்டு பேராம். முதல் கணக்கில் அது நாலு, மற்றதில் ஏழு.

"இப்பதானே நாலெண்டனீங்கள், ஏன் மாத்துறியள்?" எண்டன்.

"ஒவ்வொரு கணக்குக்கும் புதுசாத்தான் கண்டுபிடிக்கவேணும், அக்கா."

எனக்கு மூண்டாவது கணக்கையும் பார்க்கவேணும் போலக் கிடந்தது, பிள்ளை.

இதெல்லாம் பத்தாம் வகுப்பில் படிப்பிக்கிறதாம். அந்த வருசம் நீ ஆசுப்பத்திரியில் அப்பாவின்ர கட்டிலடியில் இருந்தாய். நான் வேலைக்குப் போகவேணுமெண்டு உன்னைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிச்சனான். அப்பாவும் போயிட்டார், பாடமும் போச்சு.

அப்பாவைத் திருப்பித் தர ஆளில்லை. பாடத்தையாவது தாறம் எண்டு கூப்பிடுகினம். போய் இரு. ஏன் இது தெரியாதெண்டு ஆரும் கேட்டால், அம்மா மறிச்சவ எண்டு சொல்லு.

அம்மா