தலையை ஆட்டினேன்

மார்ச் 4
இடது காதில் பாதிக்கு மேல் கேட்கும் திறன் போய்விட்டது. தகவல்: காது மருத்துவர், இன்று காலை எடுத்த பரிசோதனை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உள்காதை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். இரண்டு வருட மூட்டுவலியும், நடக்கையில் வரும் தள்ளாட்டமும் இதே நோயின் வேலையாக இருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் சொல்லவில்லை. காது கேட்காத நிருபரை யார் வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 7
அலுவலக மாடிப்படியில் தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். "என்னண்ணே, காலங்காத்தாலயே ஏத்தியாச்சா?" என்றான் புகைப்படக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடித்ததே இல்லை. ஆனாலும் குடிகாரன் என்ற பேரே தேவலாம் போலிருந்தது. சீ.

மார்ச் 12
தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்தவரின் வீடு. கூட்டம், அழுகை. அவர் மனைவி என் இடப்பக்கம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கு வெறும் இரைச்சல். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. முப்பது வருடமாக ரெக்கார்டரைத் தொடாதவன் என்ற ஜம்பம் வேறு.

மார்ச் 13
செய்தி வந்துவிட்டது. "யார் மேலும் எனக்குக் கோபமில்லை." அவர் சொன்னதாக நான் எழுதியது. எத்தனையோ இழவு வீடுகளில் கேட்ட வரி.

மார்ச் 19
அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என் செய்தியைத் தொழிற்சாலை நிர்வாகம் விபத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது, குடும்பத்துக்கே புகாரில்லை என்று காட்ட.
"மெஷின் சரியில்லன்னு அவரு மூணு தடவ எழுதிக் குடுத்தாரு. அதத்தானே சார் சொன்னேன்? நீங்ககூடத் தலைய ஆட்டுனீங்களே!"
ஆட்டினேன்தான்.

மார்ச் 20
ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆள அனுப்பியிருப்பேனேய்யா." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.
மாலை அந்த அம்மா வீடு. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். "இப்ப கேக்குதா?" ரெக்கார்டரை வைத்தேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன். ஒரு தேதியைத் திருத்தினார்.

மார்ச் 21
திருத்தம் முதல் பக்கத்தில், காரணத்தோடு, என் பெயரோடு. புகைப்படக்காரன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நிலுவை: திருத்தத்தை ஏற்பாரா என்று விசாரணை அதிகாரி 28ஆம் தேதி சொல்வார். அன்றுதான் எனக்கும் மறுபடி காதுப் பரிசோதனை. அதை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டேன். விசாரணைக்குப் போக வேண்டும். முன்வரிசை, இடது சுவரோரம். அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவர்கள் எல்லாரும் என் வலப்பக்கம்.