கட்டமா, கோடா, அண்ணி?

என் அருமை மேகலா அண்ணிக்கு,

கணக்குப் பரீட்சை எழுதிவிட்டேன். ரிசல்ட்டும் வந்துவிட்டது. அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

வாலாஜாபாத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் பேனா இருக்கிறதா, ஸ்கேல் இருக்கிறதா என்று என் பையைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது மட்டும், "பாத்து எழுதுமா" என்றார்.

இதை வேறு யாராவது படித்தால், குழந்தை குட்டி பெற்றவள் எதற்காகப் பரீட்சை எழுதுகிறாள் என்று கேட்பார்கள். அவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன். பட்டுப்புடவைக்குக் கட்டத்தாளில் டிசைன் கிராப் போடுகிற வேலை எனக்கு. எங்கள் நெசவாளர் சங்கத்தின் தலைமை டிசைனர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் பிளஸ் டூ வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து மற்ற பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டேன், கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. இந்த முறையும் கோட்டைவிட்டால் அந்த நாற்காலி வெளியாளுக்குப் போய்விடும். அவர் சொல்கிற பூவை நான் வரைந்துகொண்டு காலத்தைத் தள்ள வேண்டியதுதான்.

நான் தோற்றபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சுமதிக்குக் கவனம் போதாது. கண் இமைக்காமல் நாளெல்லாம் கட்டம் நிரப்புகிறவளைப் பார்த்து இப்படிச் சொன்னால் கோபம் வருமா, வராதா? நீங்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தும் எனக்கு நீங்கள் டீச்சராக வரவில்லை. ஒரே வயதுக்காரி நான், ஆனாலும் உங்களை மரியாதையாக அண்ணி என்று கூப்பிட வேண்டியிருந்ததே, அந்த ஒரு சந்தோஷமே உங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தீர்கள். நான் மாங்காய் புட்டாப் பூவுக்குக் கிராப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தாளில் ஒரு கட்டம் என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூல். கட்டத்தை நிரப்பினால் அந்த நூல் மேலே எழும். நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"சுமதி, உன் முதல் நூலு எங்க இருக்குது?"

"தோ, இந்தக் கட்டம்தான் அண்ணி."

"ரெண்டாவது?"

"பக்கத்துக் கட்டம்."

"அடிப்பாவி! நீ கட்டத்த எண்ணிக்கினு இருக்கிற. எங்க கணக்குல நம்பரு கோட்டு மேல இருக்குதுமா!"

இரண்டாம் கோட்டில் தொடங்கி ஆறாம் கோட்டில் முடிகிற வளைவுக்கு நான் எப்போதும் சார்பகம் மூன்று முதல் ஆறு என்று எழுதிவந்தேன். இரண்டாம் கோட்டைத் தாண்டினால் மூன்றாம் கட்டம்தானே? போதாததற்கு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று தனித்தனியாக வேறு எழுதுவேன். பாவில் அரை நூல் உண்டா என்ன? பூஜ்யத்துக்கு இடதுபக்கம் எங்கள் தாளில் எதுவும் கிடையாது. அதனால் கழித்தல் எண்கள் என் கண்ணிலேயே படாது. சோறு போட்ட பழக்கமே பரீட்சையில் என்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே சொன்னீர்கள். "எக்ஸ் அச்சு தரை, ஒய் அச்சு சுவரு. வளைவ அப்படியே தரையோட அமுக்கு. எங்கிருந்து எதுவரைக்கும் படுதோ, அது சார்பகம். பக்கவாட்டுல சுவத்தோட தள்ளு. அங்க படுறது வீச்சகம். முனையில நிரப்பின புள்ளி இருந்தா அந்த இடமும் சேத்தி. வெறும் வட்டம்னா அது மட்டும் சேராது. அவ்ளோதான், வா, சாம்பார் ஆறிப்போவுது."

அதற்கப்புறம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

உங்கள் பள்ளிக்கூடத்தில் படத்திறப்பு வைத்தார்கள். உங்களோடு வேலை பார்த்த ஒருவர் மைக்கைப் பிடித்து, உங்களுடைய சார்பகம் சிறியது, வீச்சகம் பெரியது என்று பேசினார். கைதட்டல்கூட விழுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. எங்களுக்குச் சார்பகமும், அதாவது உங்கள் ஆயுளும், பெரிதாகத்தான் வேண்டியிருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது, அண்ணி?

பரீட்சையில் வரைபடக் கேள்வி வந்தது. கழித்தல் இரண்டில் நிரப்பிய புள்ளி, உயரம் ஐந்து. அங்கிருந்து கோடு சரிந்து உயரம் ஒன்றுவரை இறங்கி, மறுபடி ஏறி, நான்கில் முடிகிறது. முடிகிற இடத்தில் உயரம் மூன்று, வெறும் வட்டம். பழக்கதோஷம், கை தானாகக் கட்டத்தை எண்ணப் போனது. நிறுத்திக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். சார்பகம் கழித்தல் இரண்டிலிருந்து நான்குவரை, நான்கு மட்டும் சேராது என்று எழுதினேன்.

வீச்சகத்தில்தான் தடுமாறினேன். இரண்டு முனைகளை மட்டும் பார்த்து, மூன்று முதல் ஐந்து என்று எழுத இருந்தேன். சுவரோடு தள்ளிப் பார்த்தபோது நடுவில் இருக்கிற பள்ளமும் சேர்ந்து விழுந்தது. சரி, ஒன்று முதல் ஐந்து. ஆனால் அந்த மூன்றை என்ன செய்வது? முனையில் வெறும் வட்டம் இருக்கிறதே, மூன்றை நீக்க வேண்டாமா? அப்புறம்தான் கவனித்தேன். ஐந்திலிருந்து கீழே இறங்கும்போதே கோடு மூன்றைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது. முனையில் இல்லாவிட்டால் என்ன, மூன்று சுவரில் ஏற்கெனவே விழுந்தாயிற்று. இனி அதை யாராலும் எடுக்க முடியாது.

எழுதிவிட்டுத் தாளைப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா பயந்துபோய், "தண்ணி வேணுமாமா? கேள்வி கஷ்டமா இருக்குதா?" என்று கேட்டார். இல்லை, தெரிந்த கேள்விதான் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

நேற்று ரிசல்ட். சங்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பாஸ்.

பார்த்த வேகத்தில் விரல் உங்கள் நம்பரை அழுத்திவிட்டது. மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் தறிச் சத்தம்.

"மேகலா கிளாஸ் எடுத்துக்கினு இருக்குது. முடிச்சதும் பேசச் சொல்றேன்" என்றார் அண்ணன், முன்பெல்லாம் உங்கள் போனை எடுத்தால் சொல்வதுபோலவே.

தறிச் சத்தம் நின்றது.

நான் மெதுவாக, "அண்ணா, நான்தான். பாஸாயிட்டேன்" என்றேன். "சொல்றேன்மா" என்றார் அவர். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

உங்கள் காரியம் முடிந்த பிறகு அவர் வாயில் உங்கள் பெயரை நேற்றுதான் கேட்டேன், அண்ணி. அவர் உங்கள் பெயரை எடுக்க வரும்போதெல்லாம், மனசு கஷ்டப்படுமே என்று நாங்கள்தான் பேச்சை மாற்றிவிட்டோம். இனி நான் மாற்ற மாட்டேன். வேலை விட்டு வந்ததும் தறிப்பக்கம் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். நீங்கள் கிளாஸில் இருக்கிறீர்கள் என்றே அவர் சொன்னாலும் சரி, சொல்லி முடிக்கிறவரை கேட்பேன்.

உங்கள் நாத்தனார்,
சுமதி
பிள்ளையார்பாளையம்