ஆந்தையை விரட்டியவன்

அடியே வீட்டுக்காரி,

கனடா குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறேன்.

இன்று மலரின் வருங்கால மாமியார் எங்களைக் காட்டுப் பூங்காவுக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனார். அவர் பல வருஷமாகத் தேடிய சாம்பல் ஆந்தை வந்து, நம் மலரையே முறைத்தபடி உட்கார்ந்தது. கல்யாண நேரத்தில் ஆந்தை முகமா? புக்கிட் பெருவாங்கில் நம் வீட்டு வாசல் என்று நினைத்தேனோ என்னவோ, கைதட்டி, "சூ! போ சனியனே!" என்று கத்திவிட்டேன். பறந்துவிட்டது.

"என்ன லா, அப்பா!" என்று பல்லைக் கடித்த மலர், மாமியாரிடம், "அப்பாவுக்குக் கை விறைத்துவிட்டது, அதனால்தான் தட்டினார்" என்று ஆங்கிலத்தில் சமாளித்தாள்.

அந்த அம்மா உடனே தன் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். வீடு வரும்வரை அவருடைய விரல்கள் சிவந்தே இருந்தன. வழியெல்லாம் அந்த ஆந்தையை நானே மரம் மரமாகத் தேடிக்கொண்டு வந்தேன், நம்புவாயா?

சபை தெரியாத,
உன் புருஷன்