விட்டுப்போன வரி

ஜூன் 9
இன்று யூனிஃபார்ம் சட்டைக் கழுத்து இருபது தைத்தேன். மத்தியானம் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எல்லாப் பாடத்திலும் ஃபெயில்.
"அப்பா போன துக்கம்னு ஒரு வருஷம் பொறுத்தோம்மா. ஏழாவதுக்கு ஏத்த முடியாது. வேற எடம் பாருங்க."
அவர் இருந்தவரை நல்ல மார்க் வாங்கியவள்தானே?

ஜூன் 10
வாசிடி என்றேன். முதல் பாடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தாள். வேறு பக்கம் காட்டினேன். புத்தகத்தை மூடிவிட்டாள். அப்புறம் அழுகை.
"எழுத்தெல்லாம் நகருதும்மா. அப்பாதான் வாசிச்சுக் காட்டுவாரு, கேட்டே மனப்பாடம் பண்ணிடுவேன். நான்தான் உன்கிட்ட சொல்லாதேன்னேன்."
அவர் பஸ் கண்டக்டர்; குரலும் அப்படித்தான். பாடத்தைக்கூட ஸ்டாப் பேரைக் கூவுகிற மாதிரிதான் வாசிப்பார். அப்பாவும் மகளும் விளையாடுகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்? என்கிட்டகூட மறைச்சிட்டியே, மனுஷா!

ஜூன் 14
என் தையல் கடைக்கு வரும் ஒருத்தி சொன்ன சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மணி இல்லை. யூனிஃபார்ம் இல்லை — எல்லாரும் இப்படி ஆரம்பித்தால் என் பிழைப்பு என்ன ஆவது? ஒரு பெண் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டாள். "ஒழுங்கா எழுந்து உக்காரு" என்று அதட்டிவிட்டேன். டீச்சர் சிரித்தார்.
"படுத்தாதான் அவளுக்குக் கணக்கு வரும்க்கா."
அப்படியும் உண்டா?
கேள்விகளை டீச்சர் வாய்விட்டுக் கேட்டார். என் மகள் பத்தில் ஒன்பது சொன்னாள்!
"புத்தியில கொறை இல்ல. வாசிக்கிறதுலதான் சிக்கல். காதால கேட்டுக்கிட்டே எழுத்து மேல விரலை ஓட்டட்டும். மூணு மாசம் பார்ப்போம், பழகிட்டா இங்கயே படிக்கட்டும். பாடத்தை வீட்ல யாராவது ஃபோன்ல வாசிச்சுப் பதிஞ்சு குடுங்க."
வீட்டில் யாராவது! ஐந்தாவதோடு நின்றவள் நான்.

ஜூன் 15
பதிந்தேன். எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது.

ஜூலை 2
"அப்பா வாசிச்சா பஸ் பறக்கும். நீ வாசிச்சா பஞ்சராகி நிக்குதும்மா."
சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை.

செப்டம்பர் 10
தையல் மிஷினில் இருந்தேன். காதில் ஒயர், புத்தகத்தில் விரல், அப்படியே வந்து நின்றாள்.
"அம்மா, இங்க ஒரு வரியை விட்டுட்டே."
பார்த்தேன். விட்டிருக்கிறேன். அவர் வாசித்தே இராத பாடம். இவளுக்கு எப்படித் தெரிந்தது?
"என்ன போட்டிருக்கு, சொல்லு" என்றேன். மிஷினை நிறுத்திவிட்டேன்.
விரலை நகர்த்தி நகர்த்திச் சொன்னாள். நடுவில் மூன்று ஸ்டாப்பில் நின்றாள். நிற்கட்டுமே. முற்றுப்புள்ளியில் வந்து இறங்கினாள்.