படகுக்கு ஒன்றும் ஆகவில்லை

மரியே வாழ்க!

சங்கராபுரம்,
நவம்பர் 24.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு தெரசா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் டியூட்டி என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம். எதிர்வீட்டு அஜித் லீவு முடிந்து அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் உங்களுக்குப் பிரியமான சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் உங்கள் பாய்மரப் படகு பத்திரமாக நிற்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன், இனி ஊரோடுதான், மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் பாய் விரித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏப்ரலில் சொன்னீர்கள். கரையில் கட்டினால் காற்றில் மோதி உடையும், தண்ணீருக்குள் பெரிய எடையை இறக்கி, சங்கிலி பிணைத்து, மேலே மிதவை போட்டு அதில் கட்டு என்றீர்கள். நம் பழைய கரும்பாலையின் இரும்பு உருளையைத்தான் இறக்கினேன். மீன் பிடிக்கிற முனியன் அண்ணன் இரண்டு பரிசலைச் சேர்த்துக் கட்டி, நடுவில் அதைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனார். மே மாத வெயிலில் இரண்டு நாள் ஆயிற்று.

தண்ணீர் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு சங்கிலி விடச் சொல்லியிருந்தீர்கள். முனியன் அண்ணன்தான், "அவ்ளோ ஜாஸ்தி வுட்டா சுத்திக்கினு போயி என் வலையக் கிழிச்சிடும் தங்கச்சி, மாட்டக் கட்ற மாதிரி கிட்டக் கட்டு" என்றார். நம் மாடு அடுத்தவர் கொல்லையில் மேய்ந்து எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறேன்! எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அன்றைக்குத் தண்ணீர் ஓர் ஆள் ஆழம், சங்கிலியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் விட்டோம். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அக்டோபரில் மலைமேல் கொட்டிய மழையில் ஏரி மளமளவென்று ஏறிவிட்டது. சங்கிலி எட்டாமல் மிதவை உள்ளே போய்விட்டது. அதில் கட்டியிருந்த படகு மூக்கைக் குனிந்து தண்ணீர் மொள்ள ஆரம்பித்தது. பரிசலில் போய்க் கூடுதல் சங்கிலியை இணைக்கும்போது அது வெடுக்கென்று இழுத்தது. என் இடதுகை சுண்டுவிரல் நுனி நசுங்கிப்போனது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "படகுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்பது. ஆகவில்லை என்று பதிலும் சொன்னேன்.

கட்டுப் பிரிப்பதற்குள் அடுத்த வேலை சொன்னீர்கள். சங்கிலியை மேலே இழுத்து, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து போட்டோ எடுக்க வேண்டும். கொக்கியின் திருகாணி கழன்றுவிடாதபடி கம்பி சுற்றி, அதையும் போட்டோ எடுக்க வேண்டும். நாற்பது போட்டோ அனுப்பினேன். மனுஷன் வரப்போகிறார், அதனால்தான் இத்தனை அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போன சனிக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். அவர் போனில் நான் எடுத்த அத்தனை போட்டோவும் இருந்தது. அவற்றில் கட்டுப் போட்ட விரலோடு என் கையும் தெரிந்தது. "ஆல்பின் சார் சங்கிலி, மிதவை எல்லாம் சேத்துத்தான் வித்தாரு. பாத்துக்க ஒரு அம்மா இருக்காங்கன்னு சொன்னாரு, நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? நீங்கள் எனக்குக் கொடுத்துவந்ததாகச் சொன்ன சம்பளத்தையே அவரும் தருவதாகச் சொன்னார். நீங்கள் அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டதையும் அவர்தான் சொன்னார்.

படகை விற்றதற்கு எனக்குக் கோபமில்லை. அது உங்கள் பொருள். வரப்போவதில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது. முன்பின் தெரியாத மனிதர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? வந்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது. உங்களுக்கென்று இரண்டு சேவல் வளர்க்கிறார். "புள்ள எந்தத் தேதியில வரானாம்? கேட்டுச் சொல்லு" என்று இன்று காலையிலும் கேட்டார். மாவு சலித்துக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

நீங்கள் செய்யச் சொன்னதையெல்லாம் இதுவரை செய்தேன். இதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதீர்கள். நீங்களே போன் போட்டு உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆறு மணிக்கு நான் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போய்விடுவேன், அப்போது போடுங்கள். அழுதால் தேற்றுங்கள். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
தெரசா.