பூசணிக்கு அட்டைக் கோட்டை

ராஜபாளையம்
19.1.2025

அன்பு மருமகள் ஜெயசித்ராவுக்கு,

உன் தாய்மாமன் பால்ச்சாமி எழுதுவது. நான், உன் அத்தை ஈஸ்வரி, மகன் விமல் எல்லோரும் சௌக்கியம். போலீஸ் பயிற்சியில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே, நல்லதாய்ப் போயிற்று. ஆறாவதோடு நின்ற என் கையெழுத்தை உங்கள் அதிகாரிகளும் பார்க்கட்டும்.

உன் பூசணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் வத்திராயிருப்பு ரோட்டு நிலத்தில் இருநூறு குழியும் முளைத்துவிட்டது. ஒவ்வொரு இலையும் யானைக் காது. குழிக்குக் குழி நம் தொழுவத்துச் சாணியைச் சுடச்சுட அள்ளிப் போட்டேன். புழுவா? என் செருப்புச் சத்தம் கேட்டால் பிளவக்கல் அணையைத் தாண்டி ஓடிவிடும். பஸ்ஸில் போகிற ஜனம் இறங்கி நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறது.

கல்யாணப் பத்திரிகைக் கட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது. நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகு நீ மனசு மாறிப் போலீசுக்குப் போனாய். சின்னப் பிள்ளை, திரும்பவும் மாறும். சிவகாசியில் அடித்த அட்டை, வீணாக்குவானேன்? புதுத் தேதியை ஒரு சீட்டில் அடித்து மேலே ஒட்டிவிடலாம். விமல் எங்கே போய்விடப் போகிறான்?

உன் மாமா,
பால்ச்சாமி


27.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசித்ராவின் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் கொடுத்தார்கள். அம்மா அழுதாள். நாற்பது குழியில் செடியே இல்லையாமே? தண்டை மண்ணோடு ஒட்டி அறுத்துப் போட்டிருக்கிறது என்றாள். அது வெட்டுப்புழு மாமா. மக்காத சாணி வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன்! அந்த ஈரத்தில்தான் பகலெல்லாம் ஒளிந்திருக்கும்.

காலையில் போய், அறுந்த செடியைச் சுற்றி விரலால் கிண்டிப் பாருங்கள். சுருண்டு கிடக்கும்; எடுத்துவிடுங்கள். சாணியை அள்ளி வெளியே கொட்டுங்கள். மிச்சச் செடிக்கு, டீக்கடைப் பேப்பர் கப்பின் அடியை வெட்டி, பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி வளையமாக மாட்டுங்கள்.

இந்தப் பூசணியும் போனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்கிறாள் அம்மா. நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்களோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் பத்திரிகையில் தேதி ஒட்ட வேண்டாம். விமல் அத்தானிடம் அன்றே சொல்லிவிட்டேன், சரி என்றார். உங்களிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஜெயசித்ரா


ராஜபாளையம்
16.2.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கண்ணாடி சரியில்லை, அதனால்தான்.

சாணி விஷயத்தில் தப்பு அந்த மாட்டின் மேல். இருந்தாலும் அள்ளிக் கொட்டிவிட்டேன். கையால் பிடித்த புழு ஒரு லட்சம் இருக்கும். உன் அம்மா அறுபது என்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாது. கப் கேட்டு மைதீன் பிச்சை டீக்கடைக்குப் போனால், “என்ன மச்சான், புழுவுக்கெல்லாம் டீ ஊத்தப் போறியளா?” என்கிறான். கொண்டுவந்து மாட்டினேன். ரெண்டு தண்ணீர் பாய்ச்சியதும் கப்பெல்லாம் ஊறித் தொங்கிவிட்டது. மறுநாள் காலை இன்னும் எட்டுச் செடி கீழே.

தங்கச்சி வரப்பில் நின்று, “விட்ருண்ணே. எல்லாம் போச்சு. பிள்ளைய வரச் சொல்லிருதேன்” என்றாள்.   நீ நினைத்தாயே ஒரு நிமிடம், அதை நானும் ஒரு நிமிடம் நினைத்தேன்: நீ வந்தால் கல்யாணம் நடக்குமே என்று. பொய் சொல்ல மாட்டேன்.

நேரே வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன்.

“அங்க என்னத்த உருட்டுதிய?” என்றாள் உன் அத்தை.

“அட்டை வேணும்.”

“தேதி ஒட்டவா?”

“கத்திரியக் கொண்டா ஏட்டி.”

விமல் வெட்டினான், நான் வளைத்தேன், அத்தை ஸ்டேப்ளர் பின் அடித்தாள். குழிக்கு ரெண்டு அட்டை; நானூறு பத்திரிகையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வழுவழு அட்டை, தண்ணீர் இறங்கவில்லை. பத்து நாளாக ஒரு செடி விழவில்லை. அழிந்த குழியில் மறு விதை ஊன்றி அதற்கும் மாட்டியாயிற்று. விமல் தன் பெயரை உள்பக்கமாக மடித்துவிட்டான். வெளியே உன் பெயர் மட்டும் தங்க எழுத்தில், குழிக்குக் குழி மின்னுகிறது.

நேற்று பஸ்ஸிலிருந்து நிஜமாகவே ரெண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.

“என்ன பெரியவரே, பூசணிக்குக் கல்யாணமா?”

“கல்யாணமும் இல்ல, ஒண்ணுமில்ல. எம் மருமக போலீசு. அவ காவல்ல இருக்க தோட்டம், அதான் பேரப் போட்ருக்கு” என்றேன்.

உன் அம்மா இனி உன்னைக் கூப்பிட மாட்டாள்; அதற்கு நான் ஜவாப்தாரி. பயிற்சி முடிகிற அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அதிகாரிக்கு அப்புறம் வைக்கலாம், முதல் சல்யூட் எனக்கு.

உன் மாமா,
பால்ச்சாமி
(வெட்டுப்புழுவை ஜெயித்தவன்)