ஈராக் கால்வாய்த் தண்ணீர்

12.6.98 வெள்ளி

விடியலிலிருந்து தூறல். மேலே தண்ணீர், குழாயில் இல்லை. மூத்திரம் இன்றும் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி. கட்டி ஒன்று விழுந்தது. எரிச்சல்.

பெரியாஸ்பத்திரி. போன வாரம் குழாய் விட்டுக் கிள்ளி எடுத்த சதைக்கு முடிவு வந்துவிட்டது. மூத்திரப்பையில் புற்று. டாக்டரம்மா சின்ன வயசு, கன்னடக்காரர், தமிழ் பேசுவார். சதையில் பழைய பூச்சி முட்டையும் இருக்கிறதாம். இந்த ஊரில் பார்த்ததே இல்லையாம்.

"வெளிநாட்டுல எங்கேயாவது தண்ணில நின்னு வேலை செஞ்சீங்களா?"

"ஈராக்குல. பதினஞ்சு வருசம் முன்ன, கால்வா வெட்டுற வேலை. முழங்கால் தண்ணி."

"கால் அரிச்சுதா?"

"எல்லாருக்கும் அரிச்சுது. டீசல் தடவிக்கினோம்."

தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீரில் நத்தை இருக்குமாம். நத்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோல் வழியே உள்ளே. முட்டையெல்லாம் பையின் சுவரில். ஆறாத புண். புண்ணில் கிருமி. மூத்திரத்தில் இருப்பதையே அந்தக் கிருமி விஷமாக்குமாம், புற்று வரவைக்கிற விஷம். பை அதைத் தேக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பீடியும் சேர்ந்துகொண்டது என்றார்.

"கூட நின்னவங்க யாராவது இருக்காங்களா? ரத்தம் போனா ஜல்தி வரச் சொல்லுங்க. பூச்சி ரொம்ப வருஷம் உயிரோட இருக்கும். இப்ப வந்தா மாத்திரை போதும்."

பழனி. என் வீட்டுக்காரி கமலாவின் தம்பி. அவனுக்கும் ஒரு வேலை என்று கமலா அழுததால் நான்தான் ஈராக்குக்குக் கூட்டிப் போனேன்.

எனக்கு ஸ்கேன் வியாழன். புற்று என்று கமலாவிடம் சொல்லவில்லை. பூச்சி என்று மட்டும்.

14.6.98 ஞாயிறு

லிங்கராஜபுரம் பஸ்ஸில் நின்றே போனேன். பக்கத்தில் ஒருவர் மடியில் சேவல், வழியெல்லாம் கூவியது. ஈராக் கேம்ப்பில் திருத்தணிச் சமையல்காரன் ஒருவன் சேவல் வளர்த்தான். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான், ரொட்டி மாவில் விரலால் எழுதிக் காட்டி. அவன் தண்ணீரில் இறங்கியதில்லை. நல்லா இருப்பான். எங்கேயோ போய்விட்டேன்.

பழனி வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னுக்குல ரத்தம் போவுதாடா?"

"மெதுவா பேசு மாமா." வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "எப்பனா போவும். சூடு. பார்லி குடிச்சா அடங்கிடும்."

"சூடு இல்லடா. பூச்சி. எனக்கு முத்திடுச்சு."

"நீ பூச்சின்னுவ. ஊரு வெட்ட நோயின்னும். பாரின்ல பொம்பளகிட்ட போய் வாங்கினு வந்தான்னும். செல்விக்குத் தெரிஞ்சா மூட்டை கட்டிடுவா. பேஜார் வேணாம், கெளம்பு மாமா."

அவன் பெண்டாட்டி செல்வி பின்னாலேயே நின்றிருக்கிறாள். கையில் பக்கெட்.

"ஒன் லுங்கிய யாரு தொவைக்கிறா? பக்கத்து வீட்டுக்காரியா?"

அவன் மறுபடி ஆட்டோவைத் துடைக்கப் போனான்.

"வெட்டன்னுதான் நானும் நெனச்சேன். எனக்கும் ஒட்டிக்கும்னுதான் இத்தினி வருசமா பசங்களோட படுத்துக்கினேன்."

"பசங்க பயப்படுதுன்னு சொன்னியே?"

"பசங்க இன்னாத்துக்குப் பயப்படுது." என் பக்கம் திரும்பினாள். "ஒட்டுமாண்ணா?"

"ஒட்டாதும்மா. தண்ணிதான். வேற ஒன்னும் இல்ல."

பக்கெட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை. பழனிதான் ஆட்டோ பின்சீட்டில் போய் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டான்.

18.6.98 வியாழன்

வெயில். ஸ்கேன் எடுத்தாயிற்று. பெரிய மிஷின், உள்ளே குளிர்.

பழனி விடியக்காலை பிடித்த மூத்திரத்தைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தான். எல்லா இடத்திலும் அப்படித்தானே கேட்பார்கள். டாக்டரம்மா கொட்டச் சொல்லிவிட்டார். இந்தப் பூச்சி முட்டை உச்சிவேளையில்தான் வெளியே வருமாம், அதுவும் நன்றாக ஓடி ஆடினால். மத்தியானம் மாடிப்படியில் பழனி ஏறி இறங்கி மூச்சிரைத்தான். கீழே செல்வி காலி பாட்டிலோடு.

"இன்னொரு வாட்டி."

"போதும்டி, கால் நோவுது."

"கால்வாயில நின்ன காலுதானே. ஏறு."

வாட்ச்மேன்கூடச் சிரித்தான். நானும் சிரித்தேன், அடிவயிறு பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து இரண்டு வாய்க் கஞ்சி.

20.6.98 சனி

பழனி மூத்திரத்தில் முட்டை. உயிருள்ளது. குழாய் விட்டும் பார்த்தார்கள், புண் மட்டும்தான், புற்று இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். கசக்கிறது என்று முகம் சுளித்தான். செல்வி அவன் தாடையைப் பிடித்து, "முழுங்கு" என்றாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

அவர்கள் வெளியே போனபின் கேட்டேன்: "எனக்கும் அதுல ஒன்னு குடுங்கம்மா."

"உங்க பூச்சி எப்பவோ செத்துப் போச்சு அண்ணா." ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது. ஆபரேஷன் இல்லை. வலிக்கு மட்டும் மருந்து.

கமலா மரத்தடியில் காத்திருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

பழனிக்குச் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் ஏறினோம்.